மூன்று மாதக் காமாலை

தொண்ணூற்றொரு நாட்கள். ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டில் ஒரு வருடத்துக்கு நோய்க்காலப் பணம் அவ்வளவு நாட்களுக்குத்தான் வரும், அதுவும் சம்பளத்தில் எழுபது சதவீதம். எனக்கு இன்றோடு முடிகிறது.

மருந்து கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். என் சம்பளத்தில்தான் நானும் அம்மாவும் சாப்பிடுகிறோம். நாளை வேலைக்குப் போனால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். இப்போது நல்லம்பள்ளி பஸ் நிறுத்தம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

படுத்திருந்த நாட்களில் போனில் மற்ற நாடுகளைப் பற்றி வாசித்தேன். ஜெர்மனியில் ஆறு வாரம் முழுச் சம்பளம், பிறகு காப்பீட்டிலிருந்து ஒன்றரை வருடம் வரை. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சட்டமே இல்லை. நம் ஊர் பரவாயில்லை என்று தோன்றியது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொன்று. ஜெர்மனியில் முதலாளிக்குப் போகும் சான்றில் நோயின் பெயர் இருக்காதாம்.

இங்கும் ஒரு வழி உண்டு. சில நீண்டகால நோய்களுக்கு மேலும் பல மாதங்கள் எண்பது சதவீதம் தருவார்கள். எனக்கு வந்ததும் அதில் ஒன்று. பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் நுண்ணுயிரியல் படித்தவள். அந்தக் கிருமியைப் பரீட்சையில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வாயால் சொல்லத்தான் கூசியது.

ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தோம். அம்மாவின் யோசனை. நான் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு நிர்மலா அக்கா தன் கொழுந்தனுக்கு என்னைக் கேட்டிருந்தார். தினமும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்து நான் குடிக்கும்வரை நிற்பார். மாத்திரை தந்த இடத்தில் என்னை முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். காமாலைக்காரி முட்டை தின்னக் கூடாதே. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவித்துக் கொடுப்பார். முட்டை ஓடுகளைக் காகிதத்தில் சுற்றித் தூரத்தில் போட்டுவிட்டு வருவார்.

மாத்திரையை ஈ.எஸ்.ஐ.யில் வாங்காமல் வேறு இடத்தில் வாங்கினேன். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காய்ச்சல், பலவீனம் என்றே சான்று பெற்றேன். இன்று அக்காவும் கணவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க எங்களோடு அங்கே வந்தார். வரிசையில் இருந்தபோது அம்மாவிடம் சத்தமாகக் கேட்டார்.

“எங்க வூட்டு எருமைக்கே பத்து நாள்ல எறங்கிடுச்சு, அமுதவல்லியக்கா. உங்க புள்ளைக்கு மூணு மாசமாவா? நாங் குடுத்தத குடிச்சாளா, செடிக்கு ஊத்துனாளா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் அறைக்குக் கதவில்லை, துணித் திரைதான். நாட்கள் தீர்ந்துவிட்டன, பட்டியலில் உள்ள நோய் ஏதாவது இருந்தால்தான் நீட்டிக்க முடியும் என்றார் டாக்டர். வேறு எங்காவது பரிசோதனை செய்தீர்களா என்று என்னைக் கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டார். “வெறும் காமாலைதாங்க.”

“அப்ப நாளைக்கு வேலைக்குப் போலாம்மா” என்று பேனாவை எடுத்தார் டாக்டர்.

திரைக்குக் கீழே நிர்மலா அக்காவின் செருப்பு தெரிந்தது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். காது இரண்டும் எரிந்தன. கையை விடுவித்துக்கொண்டேன்.

“டி.பி.ங்க டாக்டர்.”