சூட்டோடு எடுத்த சிலிண்டர்

வேலை செய்யும் இடத்தில் எனக்கு நூற்றைம்பது என்று பெயர். சிலிண்டரில் ஆக்சிஜன் அடைக்கும்போது மீட்டர் முள் நூற்றைம்பதைத் தொட்டால்தான் வால்வை மூடுவேன். நூற்று நாற்பத்தொன்பதில் மூடச் சொன்னால் சண்டைக்குப் போவேன். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த முள்ளை அப்படியே நம்பக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். வேகமாக அடைக்கும்போது சிலிண்டர் சூடாகிவிடும், வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொள்வோம். சூடான வாயு விரியப் பார்க்கும். இரும்புக் கூட்டுக்குள் விரிய இடம் ஏது? சுவரை முட்டி முட்டி முள்ளை ஏற்றிக் காட்டும். ஆறியதும் அடங்கிவிடும், முள்ளும் இறங்கிவிடும். குளிர்காலத்தில் நூற்றைம்பது என்று மூடியது நூற்று முப்பதுக்கும் கீழே போய் நிற்கும். வீக்கத்தை வளர்ச்சி என்று நினைத்தால் யார் தப்பு?

எவ்வளவு சூட்டுக்கு முள் எவ்வளவு மேலே போகலாம் என்று சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. அதைப் பார்த்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் ஆறவிட்டு மறுபடி ஒரு முறை அடைக்க வேண்டும். இரண்டுக்கும் பொறுமை வேண்டும். லாரிக்காரருக்கு அது கிடையாது, ஹாரனில் கை வைத்தால் எடுக்கவே மாட்டார். அதனால் அட்டவணையின் மேல் எங்கள் தொப்பிகளை மாட்டத் தொடங்கினோம். ஒரு முறை சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னேன். இதுவரை யாராவது குறைச்சல் என்று வந்து நின்றார்களா என்று கேட்டார். வரவில்லைதான். நானும் வாயை மூடிக்கொண்டேன், சூட்டோடு சூடாக நூற்றைம்பதில் மூடி மூடி லாரியில் ஏற்றினேன்.

என் தம்பிக்கு மட்டும் அப்படிச் செய்யமாட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவன் கல் பாலிஷ் போடும் பட்டறையில் இருபது வருஷம் தூசியைத் தின்றவன். நாற்பத்து மூன்று வயதில் நான்கு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். கல்யாணமும் ஆகவில்லை, இரண்டாவது மாடியில் நானும் அவனும்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டிலருகே ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு இந்த நகையே போதும், பெண் பார் அக்கா என்பான். மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால்தான் சிலிண்டர்.

கம்பி மாற்றும் வேலை இருப்பதால் வியாழக்கிழமை காலை ஏழு முதல் மாலை ஆறு வரை மின்சாரம் இருக்காது என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினோரு மணி நேரம். பத்து லிட்டர் சிலிண்டர் ஒன்று நூற்றைம்பதுக்கு அடைத்தால், வாயுவைத் திறந்துவிடும் திருகை இரண்டில், அதாவது நிமிஷத்துக்கு இரண்டு லிட்டரில் வைத்தால், பன்னிரண்டரை மணி நேரம் வரும். கேட்டிருந்தால் இரண்டு சிலிண்டர் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. கணக்குத்தான் கையில் இருக்கிறதே. எத்தனை மணிக்கு முள் எதில் நிற்கும் என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி அவன் தலைமாட்டில் ஒட்டினேன். எட்டு மணிக்கு நூற்று முப்பத்தெட்டு, ஒன்பதுக்கு நூற்று இருபத்தாறு என்று இறங்கி, ஆறு மணிக்குப் பதினெட்டு. தம்பி அதைப் படித்துவிட்டு, ரயில் கூட இவ்வளவு சரியாக வராது என்றான்.

புதன்கிழமை மத்தியானமே அவனுக்கான சிலிண்டரை அடைத்தேன். ஆறவிட்டேன். சாயங்காலம் குறைந்ததை மறுபடி அடைத்தேன். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மூலையில் தள்ளி வைத்தேன். ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.

அடுத்து நடந்தது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வியாழன் விடியற்காலையில் லாரிக்கு ஒரு சிலிண்டர் குறைந்திருக்கிறது. என்னோடு ஜோடியாக வேலை செய்பவரைக் குட்டை என்போம், நல்ல மனுஷன். அவர் மூலையில் இருந்ததை எடுத்து லாரியில் ஏற்றிவிட்டு, வேறொன்றைச் சுடச்சுட அடைத்து அதே இடத்தில் வைத்திருக்கிறார். என் தம்பிக்கு என்று தெரிந்ததால் சாக்பீஸ் கோட்டையும் போட்டு வைத்திருக்கிறார். முள் நூற்றைம்பதில் இருந்தது. அவர் எதை மாற்றிவிட்டார்? பத்தொன்பது வருஷமாக நான் எதைச் சரி என்று மூடினேனோ அதைத்தான் அவரும் மூடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அன்று காலை ஆறு மணிக்கு அதை எடுக்கப் போனேன். பற்கள் கிட்டும் குளிர், கையில் தடிமனான கையுறை. கோடு இருந்தது, முள் சரியாக இருந்தது. கையுறையைக் கழற்றி ஒரு தடவை தொட்டிருந்தால் போதும். வேன்காரர் கூப்பிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஏழுக்குள் வீட்டில் குழாயை மாற்றி, திருகை இரண்டில் வைத்தேன். கீழ்வீட்டம்மாவைக் கூட இருக்கச் சொல்லியிருந்தேன். அவரிடம் காகிதத்தைக் காட்டி விளக்கினேன். சிலிண்டர் அடைக்கும் எங்கள் கூடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், நெருப்புப் பயம், வாசல் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அதையும் சொன்னேன். தம்பி கையை ஆட்டி, போய்த் தொலை, உன் லாரி அழுகிறது என்றான்.

மாலை ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்தேன். கீழ்வீட்டம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி தலையணையில் சாய்ந்தபடி இருந்தான். குழாய் மூக்கிலேயே இருந்தது. உதடு நீலமாக இருந்தது. அவனை உலுக்கினேன், கன்னத்தில் அடித்தேன், என்னென்னவோ கத்தினேன். பிறகு, எனக்கே வெட்கமாக இருக்கிறது, முள்ளைப் பார்த்தேன். பதினெட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. காகிதத்தில் எழுதியிருந்த அதே பதினெட்டு. வாயு தீரவில்லை. என் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது, அவன் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. அதற்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அப்புறம்தான் திருகைப் பார்த்தேன். இரண்டில் இல்லை. அரையில் இருந்தது.

சற்று நேரத்தில் கரண்ட் வந்தது. மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

திருகைத் தொட்டது யார் என்று அன்று கேட்டதற்குக் கீழ்வீட்டம்மா அழுதுகொண்டே இருந்தார். குட்டை வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சிலிண்டரை மாற்றியதைச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் படியிறங்கிப் போய் மறுபடி கேட்டேன். அவர் அடுப்படியில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலையிலிருந்தே முள்ளு உங்க காகிதத்தைவிடக் கீழதாம்மா இருந்துச்சு," என்றார். "மூணு மணிக்கு அம்பத்தி நாலுன்னு எழுதியிருந்தீங்க. முப்பதுதான் இருந்துச்சு. எனக்குப் பயமாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டான்."

"ஏன்?"

"அக்கா கணக்குல தப்பே வராது, நான்தான் பயத்துல அதிகமா இழுத்துட்டேன் போலன்னான். இனிமே கொஞ்சமா இழுத்தா காகிதத்துல இருக்கற மாதிரி வந்துடும்னு அவனே திருகைக் குறைச்சான். அக்காகிட்ட சொல்லிடாதீங்க, திட்டும்னு சிரிச்சான்."

அப்புறம் என்று கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவன் பேசவே இல்லையாம். இவர் ஏதாவது கேட்டால், பேசினால் வீணாகும் என்று கையால் காட்டினானாம். முள்ளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். இரண்டு மணி நேரம் அப்படி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான் என் தம்பி, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு.