இடப்பக்கச் சீற்

மூன்று மாதமாக வாசல் படலையைத் தாண்டாத தங்கேஸ்வரி, அன்று விடியலிலேயே தலை முழுகிச் சேலை மாற்றிக்கொண்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டாள். வலக்கால் அவளுக்கு முன்னால் தடி மாதிரி நீண்டு கிடந்தது. சம்பூரில் செல் குண்டு விழுந்த வருசம் பூட்டிக்கொண்ட முழங்கால். அதற்குப் பிறகு மடங்கியதே இல்லை.

"கார் வருமோ பிள்ளை?"

"உங்கட மகன் சொன்னால் வரும்தானே," என்றாள் துஷாந்தி. குரலில் இருந்த குத்தலைத் தாய் கேட்காதமாதிரி விட்டுவிட்டாள்.

அந்த மொறிஸ் மைனர்தான் தங்கேஸ்வரிக்குக் கால். பஸ்ஸில் ஏற ஏலாது. வானின் படி உயரம். ஓட்டோவில் ஏறினால் பாதிக் கால் றோட்டில் நிற்கும். ஒருமுறை சைக்கிள்காரன் ஒருவன் இடித்துவிட்டே போனான். அந்தக் காரை வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த கதிரவேல், மனைவிக்காக இடப்பக்க முன் சீற்றைக் கழற்றி, பின் சீற்றோடு முட்டுமட்டும் தள்ளிப் பூட்டினார். அவர் காலமான பிறகு அந்தக் காரை ஓட்ட மகள் துஷாந்தி பழகினாள். மாதம் ஒரு கிளினிக். திரும்பும்போது உள்துறைமுகப் பக்கம் நிறுத்தி, கச்சான் கடலை கொறித்தபடி கப்பல் பார்ப்பது. தங்கேஸ்வரியின் வெளியுலகம் அவ்வளவுதான். அதையும் குறைக்க ஆள் வரும் என்று துஷாந்தி நினைக்கவில்லை.

வந்தது அண்ணன் கிருஷாந்தன். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் கார் கொதித்து நின்று அம்மா வெயிலில் காய்ந்த கதையைக் கத்தாரில் இருந்தபோது போனில் கேட்டவன். வந்திறங்கிய கையோடு பொனற்றைத் திறந்தான்.

"இது எஞ்சினோ, தையல் மெசினோ? யப்பான் எஞ்சின் ஒண்டு போடுறன், பார். அம்மா இனி வெயிலில நிக்கக்கூடாது."

"இந்தச் சின்ன மூஞ்சிக்குள்ள அது கொள்ளுமோ?"

"கொள்ளாட்டி வெட்டுறது. நீ பீ.ஏ. படிச்சனீ, பேசாம இரு."

குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் போனவள் அவள். அந்தப் படிப்பு வீட்டுக்கு இரண்டு விசயத்துக்குத்தான் பயன்பட்டது. ஒன்று, படிவம் நிரப்ப. மற்றது, அவள் வாயை அடைக்க.

மூன்று மாதம் கராஜில் கிடந்த கார் அன்றுதான் திரும்பியது. காருக்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. அயல்சனம் வேலிக்கு வந்துவிட்டது. நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, கற்பூரம் கொளுத்தி, கிருஷாந்தன் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்கோ அம்மா! இண்டைக்கு ஓர்ஸ் ஹில்லுக்குப் பறந்து ஏறுவம்."

தங்கேஸ்வரி வழக்கம்போல முதுகைக் கொடுத்து இருந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். குதி இரும்பில் இடித்தது. சரித்துப் பார்த்தாள். திரும்பவும் இடித்தது. வாழைத்தண்டு போலப் பாதிக் கால் வெளியே நின்றது.

துஷாந்தி குனிந்து பார்த்தாள். கால் நீட்டும் இடத்தில், முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டு ஒரு தகரப் பெட்டி. சீற்றுக்குப் பின்னால், இந்தக் கதவுத் தூணிலிருந்து அந்தக் கதவுத் தூணுக்கு ஒட்டிய இரும்புப் பைப். அது சீற்றை முன்னுக்குத் தள்ளியிருந்தது.

"என்ன இது?"

கூட வந்த கராஜ்காரர் நிப்றாஸ்தான் பதில் சொன்னார். "எஞ்சின் நீளம் தங்கச்சி. பின்னுக்குத் தள்ளித்தான் வைக்க வேணும். வலப்பக்கம் பெடல் கிடக்கு, தொட ஏலாது. அதால வெட்டு முழுக்க இடப்பக்கம். பழைய பொடி, இந்தக் கார்க் கூடு, புது எஞ்சினிட இழுவை தாங்காது, அதுக்குத்தான் பைப்." இடப்பக்கக் கதவைத் தட்டிக் காட்டினார். "இடப்பக்கம் ஆர் இருக்கிற எண்டு நான் கேட்டன்."

"அண்ணன் என்ன சொன்னவர், நிப்றாஸ் நானா?"

நிப்றாஸ் கிருஷாந்தனைப் பார்த்தார். "ஆரும் இருப்பாங்க எண்டார்."

வேலியில் நின்ற சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"சீற்றைப் பின்னால தள்ளலாம் எண்டு நினைச்சன்," என்றான் கிருஷாந்தன். "பைப் அடிக்கேக்க..."

"பைப் அடிக்கேக்க?"

"எஞ்சினை மட்டும்தான் யோசிச்சன்."

"மூண்டு மாசம் அந்தக் காலைத் தாண்டித் தாண்டித்தானே குசினிக்குப் போய்த் திண்டனீ! வெட்டி எறி அந்தப் பைப்பை. அப்பாட எஞ்சினைத் திருப்பிப் போடு."

"அது பழைய இரும்பு லொறியில போயிட்டுது."

"பைப்பை வெட்டினா ஓடேக்க பொடி முறுகும் தங்கச்சி," என்றார் நிப்றாஸ், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"பிள்ளை, சத்தம் போடாத. ஆசையாச் செய்தவன்," என்றாள் தங்கேஸ்வரி. "பொறு, நான் மடக்கிப் பாக்கிறன்."

இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றி அமத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். திருநீற்றின் மேல் வியர்வை வடிந்தது. துஷாந்தி பாய்ந்து அவள் கைகளைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கோ! அது மடங்காதம்மா, விடுங்கோ!"

மகள் தோளில் சாய்ந்து இறங்கியவள், கதிரைக்கு வந்ததும் மகனைப் பார்த்துச் சிரித்தாள். "சனம் பாத்துக்கொண்டு நிக்குது. ஒரு சுத்துப் போட்டு வா ராசா. நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

அவன் மாட்டேன் என்று நின்றான். அவள் விடவில்லை. கடைசியில் நிப்றாஸ் இடப்பக்கம் முழங்கால் மடக்கி ஏறி இருக்க, கார் போனது. ஏற்றத்தில் அது இரைந்து ஏறுவது வீடுவரை கேட்டது. எங்கும் கொதிக்கவில்லை. எங்கும் நிற்கவில்லை.

திரும்பி வந்தவன் கச்சான் கடதாசிச் சரையை அம்மாவின் மடியில் வைத்தான்.

"துறைமுகத்தில கப்பல் நிண்டதோ?"

"பாக்கேல்லையம்மா. வேகமா வந்திட்டன்."

தங்கேஸ்வரி ஒரு கச்சானை உடைத்தாள். கோதை மடியிலேயே போட்டாள். "செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகாட்டி என்ன? கார் இல்லையெண்டு போன முறை சேத்துத் தந்த குளிசையில கொஞ்சம் கிடக்குதானே, பிள்ளை?"

துஷாந்தி அம்மாவின் மடியில் கிடந்த கோதைப் பொறுக்கினாள். குளிசை முடிந்து இரண்டு வாரம்.