இறக்கத்தில் நடந்து பாருங்கள்

என் வீட்டுக்காரர் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். பெரிய கடை. பெண்கள் பகுதிக்கு அவர்தான் எல்லாம். வாசலில் ஒருத்தி வந்து நிற்கும்போதே அவள் கால் என்ன நம்பர் என்று சொல்லிவிடுவார். அளவெடுக்கும் கட்டையை அவர் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால் கடையில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியவே ரொம்ப நாளாகும்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தச்சரிடம் சொல்லிச் செய்த ஒரு சாய்வுப் பலகையைக் கடையின் மூலையில் போட்டுவைத்திருக்கிறார். ஷூ வாங்க வருகிறவர்கள் அதில் ஏறி மெல்ல இறங்கி வரவேண்டும். இவர் கீழே முட்டி போட்டுக்கொண்டு அவர்கள் விரல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "சமதரையில எந்த ஷூவும் நல்லாத்தான் இருக்கும். இறக்கத்துல நடந்து பாருங்க, அப்பதான் விரல் இடிக்குதான்னு தெரியும்" என்பார். எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷியாக இருந்தாலும் பலகையில் இறங்காமல் பெட்டி கைக்கு வராது.

அந்தப் பலகையில் அவர் ஏற்றாத ஒரே பெண் நான்தான்.

நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்தி, குழாயில் பிடித்து, பெயர் ஒட்டி, பரிசோதனைக்கு அனுப்புவது என் வேலை. அவர் கால்களைப் பார்த்துப் பிழைக்கிறார், நான் கைகளைப் பார்த்துப் பிழைக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது.

அந்த நேரத்தில் எங்கள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தூரத்து ஊர் ஒன்றில் புதிதாகக் கிளை திறக்கிறார்களாம். அங்கே பரிசோதனைக் கூடத்துக்கு நான் தலைமை ஏற்க வேண்டுமாம். தங்க இடம் தருவார்கள். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போகலாம். அன்று இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்கு எது தோணுதோ செய்" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். டாக்டரிடம், ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று தவணை வாங்கினேன்.

ஊருக்கு என்றது, மகள் முதல் சம்பளத்தில் ஏற்பாடு செய்த பயணம். "கடலும் மலையும் ஒண்ணா இருக்கிற ஊரும்மா. நல்லா சுத்துங்க, நல்லா வாங்குங்க. அப்பாவும் நீயும் கொஞ்சம் முகத்துக்கு முகம் பாத்துக்கங்க" என்றாள். குழந்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் இவர் கடையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். மெத்தென்ற சாம்பல் நிற ஷூ. "மேடு பள்ளமான ஊரு. அந்தப் பிஞ்ச செருப்ப வெச்சிட்டு வா, இது போதும்" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில், நான் கேட்காமல் அவராக எனக்கென்று எடுத்துவந்த முதல் பொருள். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பெட்டியின் ஓரத்தில் ஆறாம் நம்பர் என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். நான் ஏழாம் நம்பர். ஆனால் ஸ்கேலிடம் போய் அளவு தப்பு என்று யார் சொல்வது? இந்தக் கம்பெனி அளவு கொஞ்சம் பெரிசாக இருக்கும்போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலை நுழைத்தேன். நுழைந்தது. விரல்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன.

அந்த ஊரில் சமதரை என்று ஒன்றை நான் பார்க்கவே இல்லை. நாங்கள் தங்கிய விடுதிக்கு மேல் தெரு வழியாக நுழைந்தால் எங்கள் அறை தரைத்தளம். கீழ்த் தெரு வழியாக வந்தால் அதே அறைக்கு மூச்சு வாங்க மாடி ஏறவேண்டும். நிறுத்திய வண்டிகளெல்லாம் சக்கரத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. நடைபாதை நடுவில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். எந்தச் சந்தில் திரும்பினாலும் கோடியில் ஒரு துண்டு கடல் தெரிந்தது. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் ஷூவின் முனையில் போய் இடித்தன. முதல் நாள் மாலையே கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். ஊராரின் ரத்தத்தைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு என் ரத்தத்தைப் பார்த்துப் பயமில்லை. அப்போதுதான் எனக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். இவர் வேலையே காலைப் பார்ப்பது. இந்தப் பயணம் முடிவதற்குள் ஒரே ஒரு தடவை என் காலைப் பார்த்து, 'ஏன் நொண்டுற?' என்று கேட்டுவிட்டால் போதும். டாக்டருக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, டிவி பேசும் வீட்டிலேயே கடைசிவரை இருந்துவிடுவேன். நானாக வாய்விட்டுச் சொல்லக்கூடாது. கேட்டு வாங்கிய அக்கறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மறுநாள் கடைவீதி. இவர் முன்னால் போக, நான் பின்னால். அவருடைய அக்காவுக்குக் கைப்பை, முதலாளிக்குக் கடிகாரம், முதலாளி மனைவிக்குச் சால்வை. என் நாத்தனாருக்கு எந்த நிறம் பிடிக்கும், எந்த நிறம் பிடிக்காது, பைக்குள் எத்தனை அறை வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பையின் வாயைத் திறந்து தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அக்காவுக்குத் தோள்ல மாட்டினா வலிக்கும், கையில பிடிக்கிற மாதிரி குடும்மா" என்று கடைக்காரப் பெண்ணிடம் சொன்னார். அக்கா தோள்மேல் அவ்வளவு கரிசனம். நான் கண்ணாடி அலமாரியில் சாய்ந்துகொண்டு ஒற்றைக் காலில் நின்றேன்.

"உனக்கு ஒண்ணும் வேணாமா?" என்றார்.

"நீங்களே பாத்து எடுங்க" என்றேன்.

"எனக்கென்ன தெரியும் உன் டேஸ்ட்டு?" என்று சிரித்தபடி அடுத்த கடைக்குள் நுழைந்தார்.

தெருவில் போகும்போதும் அவர் கண் தரையில்தான் இருந்தது. "அந்தம்மாவப் பாரு, குதிகால் வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு. முட்டி வலி வரும்." "இந்தப் பொண்ணு பட்டைய இறுக்கிப் போட்டிருக்கா, பாவம்." ஊரிலுள்ள கால்களுக்கெல்லாம் பரிதாபப்பட்டுக்கொண்டே போனார். நான் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் இவ்ளோ மெதுவா வர்ற?"

கேட்கட்டும், இன்னும் ஒரு கேள்வி கேட்கட்டும் என்று இருந்தேன்.

"வயசாயிடுச்சு உனக்கு. ஒக்காந்து ஒக்காந்து ரத்தம் எடுத்தா இப்படித்தான்" என்று அவரே பதிலையும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மலையின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. மேலேறினால் ஊரும் துறைமுகமும் முழுசாகத் தெரியும் என்றார்கள். இந்தப் பயணத்தில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அடுத்த நாள் காலை அங்கே போனோம். உள்ளே சுழன்று சுழன்று போகும் இரும்புப் படிகள். முதல் வளைவிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். ஏறிவிடலாம். இறங்குவதை நினைத்தால்தான் கண் இருட்டியது.

"முடியலையா? சரி, நீ இங்கயே இரு. நான் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறேன்" என்று மேலே போனார். அவருடைய காலடி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிப் போய்த் தேய்ந்தது. திரும்பி வந்து போனைக் காட்டினார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கடல். அதிலும் பாதியில் அவர் முகம்.

"சூப்பரா இருந்துச்சு. நீதான் மிஸ் பண்ணிட்ட" என்றார். அந்த நிமிஷம் அவரை அங்கேயே உருட்டிவிட்டிருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆத்திரம்.

அன்று பிற்பகல் இறங்கி வரும் வழியில் அந்த ஊர்ச் செருப்புக் கடை ஒன்று தென்பட்டது. இவரால் அதைத் தாண்டிப் போக முடியுமா? "சும்மா பாத்துட்டு வந்துரலாம்" என்று நுழைந்தார். உள்ளே மெத்தைப் பெஞ்சில் என் வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடைப்பெண் அவள் காலில் ஒரு நடைஷூவைத் திணித்துக்கொண்டிருந்தாள். "போடப் போடச் சரியாயிடும் மேடம்."

இவருக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய், "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, நானும் இந்தத் தொழில்தான்" என்று சொல்லிக்கொண்டே அவள் காலடியில் முட்டி போட்டார். ஷூவை மெல்லக் கழற்றினார். காலைத் தொடவில்லை, பார்த்தார். அப்படி ஒரு பார்வை. பாதத்தின் அகலம், விரல்களின் வரிசை, குதிகாலின் வெடிப்பு என்று அவசரமில்லாமல், மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பெண் முகத்தில் இருந்த களைப்பு அப்படியே இறங்கியது. யாராவது நம்மை அப்படிப் பார்த்தால் இறங்கத்தானே செய்யும்.

"ஆறு போடாதீங்கம்மா. ஏழு எடுங்க" என்றார்.

"நான் எப்பவும் ஆறுதான் சார்" என்றாள் அவள்.

"அது கல்யாணத்துக்கு முன்னாடி. இது பிள்ளை பெத்த கால். பேறுகாலத்துல பாதம் விரியும், அப்புறம் பழையபடி சுருங்காது. நிறையப் பேரு கவனிக்கிறதே இல்ல. பழைய நம்பரையே வாங்கிப் போட்டு விரல நசுக்கிக்குவாங்க."

கடைப்பெண் ஏழாம் நம்பரை எடுத்துவந்தாள். அங்கே சாய்வுப் பலகை இல்லை. இவர் அந்தப் பெண்ணை வாசலுக்குக் கூட்டிப்போனார். வெளியே தெருவே பலகைதான். "மெதுவா இறங்கி நடந்து பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நடைபாதை ஓரத்தில் ஒற்றை முட்டியிட்டு அவள் விரல் பக்கத்தைக் கவனித்தார். "இடிக்குதா?" "இல்ல சார்." "அப்ப சரி."

அவள் நன்றி சொல்லி, பணம் கட்டி, லேசாக நடந்துபோனாள். இவர் கையைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "பாத்தியா? எந்த ஊரா இருந்தா என்ன, கால் கால்தான்."

நான் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பெஞ்சில் இன்னும் சூடு இருந்தது. நாடாவை அவிழ்த்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் நகத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்தேன். கடைப்பெண் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர் குனிந்தார். கடைசியில் என் காலடியிலும் முட்டி போட்டார். பந்தயத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. நொண்டுகிறாயா என்று கேட்காவிட்டால் போகட்டும், வலிக்குதா என்று கேட்டால்கூடப் போதும் என்று அந்த ஒரு நொடியில் விலையை இறக்கிக்கொண்டேன். அவர் கை நீண்டது. என் காலைத் தாண்டிப் போய் ஷூவை எடுத்தது. உள்ளே விரலைவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அடடா, உள்தோல்ல கறை பட்டுடுச்சே" என்றார். "இனிமே கடையில மாத்தித் தரமாட்டாங்களே."

எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் அணைந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு ஏழு எடும்மா" என்றேன் கடைப்பெண்ணிடம்.

"ஏழா? நீ ஆறுதானே?" இவர் என்னைத் திருத்தினார். "கல்யாணத்தப்ப நான்தானே எடுத்துக் குடுத்தேன். என் கணக்கு தப்பாது."

"பிள்ளை பெத்த காலுங்க" என்றேன்.

அவர் கடைப்பெண்ணைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "சொல்லியிருக்கலாம்ல நீ" என்று என்னிடம் முணுமுணுத்தார். சொல்லியிருக்கலாம்தான். மற்ற பெண்கள் யாரும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புது ஷூவைப் போட்டுக்கொண்டு பணத்தை நானே கட்டினேன். சாம்பல் நிற ஷூவை அவர் புது ஷூ வந்த பெட்டியில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் தொழில் புத்தி அவரை விடவில்லை. "இரு, இரு. இறக்கத்துல நடந்து பாரு" என்றார். குரலில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. நடைபாதையில் முட்டி போட்டுக்கொண்டு என் காலைப் பார்த்தார், பார்த்தார், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தார்.

நான் இறங்கினேன். கம்பியைப் பிடிக்கவில்லை. புண் எரிந்தது, ஆனால் விரல்களுக்கு முன்னால் இடம் இருந்தது. தெருக்கோடியில் கடல் பெரிசாகிக்கொண்டே வந்தது.

"விரல் இடிக்குதா?" என்று மேலேயிருந்து கூவினார்.

இல்லை என்று திரும்பாமலே கையை ஆட்டினேன்.

"அப்ப போதும், மேல வா."

கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதும் நான் நிற்கவில்லை. "வர்றேன் சார். எப்ப சேரணும்?" என்று கேட்டேன். டாக்டர் தேதியைச் சொன்னார், நான் சரி என்றேன். மேலே இவர் இன்னும் முட்டி போட்டபடியே என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.