முப்பத்தொன்பது நாள்

5.10.1982, செவ்வாய். ஆகஸ்ட் 16ஆம் பக்கத்தில் மனு கொடுத்ததாக எழுதியிருக்கிறேன். கொடுத்தது 17ஆம் தேதி. தவறு என்னுடையது. சரிபார்க்காமல் கோர்ட்டிலும் அதையே சொல்லிவிட்டேன்.

கடலூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ரோசி இதை எழுதினாள். மாலை ஆறு மணி வகுப்புக்கு இன்னும் கால் மணி இருந்தது. எழுதியதன் கீழே ஒரு கோடு போட்டாள். கோடு கோணிப் போனது. அதுவும் அவளை உறுத்தியது.

அவள் புருஷன் அந்தோணிசாமியை ஜூலைக் கடைசியில் பிடித்துப் போனார்கள். கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு, புதுச்சேரிப் பக்கம் தங்கள் ஊரான அபிஷேகப்பாக்கத்து ஆட்களோடு ரோட்டில் உட்கார்ந்ததுதான் அவன் செய்தது. வெளியே விட்டால் பொது அமைதி கெடும் என்று, விசாரணை ஏதுமில்லாமல் ஒரு வருஷம் அடைத்துவைக்க உத்தரவு வந்தது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாசம்.

விடுவிக்கச் சொல்லி ரோசி புதுச்சேரி அரசாங்கத்துக்கு மனு எழுதினாள். அப்படி ஒரு மனு வந்தால் அரசாங்கம் தாமதமில்லாமல் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். கிடப்பில் போட்டால் அதையே காரணமாக வைத்து ஹைகோர்ட் ஆளை விட்டுவிடலாம். செப்டம்பர் 25இல்தான் பதில் வந்தது, முடியாது என்று. நாற்பது நாள் தாமதம் என்று கடலூர் வக்கீல் சிவப்பிரகாசம் வழக்குப் போட்டார். நாள் கணக்கெல்லாம் ரோசியின் டைரியிலிருந்து எடுத்தது.

நேற்று அரசாங்கத் தரப்பின் பதில் கிடைத்தது. மனு வந்தது 17ஆம் தேதி, மனைவி சொன்ன தேதி பொய் என்றிருந்தது.

இன்று காலை புதுச்சேரி ஜெயில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பொருமினாள். "ஒரு நாளையே முழுங்கிட்டாங்க பாருங்க! பதினாறாந்தேதி நானே கொண்டுபோய்க் குடுத்தேன்."

அந்தோணிசாமி நெற்றியைச் சுருக்கினான். "பதினாறா? அன்னிக்கு இங்க கொடி ஏத்தி ஆளுக்கு ஒரு லட்டு குடுத்தாங்களே. பாண்டிச்சேரி பூரா லீவு புள்ள. பூட்டுன ஆபீசுல யாருகிட்ட குடுத்த?"

ரோசிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகஸ்ட் 16, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் என்று, புதுச்சேரிக்கு மட்டும்தான் விடுமுறை. கடலூரில் வகுப்பு நடந்தது. அன்று மாலை அங்கே மனுவை டைப் அடித்தாள். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். களைப்பில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தாள்.

"ஐயோ, சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டேனே!"

"பக்கத்து ரூம் காலியாத்தான் கீது. வந்துடு."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "தப்புன்னு ஒத்துக்கிட்டா நான் சொன்னது பூராவும் பொய்னு தள்ளிடுவாங்க. அப்புறம் நீங்க அடுத்த ஜூலை வரைக்கும்..."

"அதுக்காவ லீவு நாள்ல ஆபீச தொறந்து வைக்க முடியுமா? போய்ச் சொல்லிடு ரோசி." அவன் சுண்டுவிரலை வலைக்குள் நுழைத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அந்த லட்டுல பாதி ஒனக்குன்னு எடுத்து வச்சேன். எறும்பு தின்னுடுச்சி."

அங்கிருந்து நேராகக் கடலூர் பஸ்ஸில் ஏறினாள். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா அரங்கநாதன் விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உங்க ஊர் லீவு எங்களுக்கு எங்கம்மா ஞாபகம் இருக்கும்? வாட்ச்மேன் கையில குடுத்தேன்னு ஒரு வரி சேத்துடலாம். நாப்பதுன்னா கேக்கவும் நல்லா இருக்கு."

"வாட்ச்மேன நான் பாக்கவேயில்லியே சார்."

"அரங்கநாதன், நீங்க போய் டீ சொல்லிட்டு வாங்க" என்றார் சிவப்பிரகாசம். அரசாங்கத் தரப்பின் பதிலைப் புரட்டி ஓர் இடத்தில் பென்சிலை வைத்தார். "இங்க பாரும்மா. ஆகஸ்ட் இருபத்தி நாலுலேருந்து செப்டம்பர் இருபது வரைக்கும் கோப்பு யார் மேஜையில இருந்துச்சுன்னு அவங்க ஒரு வரி எழுதல. நான் கேக்கப்போறது அதைத்தான். ஒரு நாள் குறைஞ்சாலும் அந்த இடைவெளி குறையாது. ஆனா நம்ம பேச்சுல ஓட்டை இருக்கக் கூடாது."

"ஜட்ஜ் நம்புவாங்களா சார்?"

"அதை நான் எப்படிச் சொல்றது? வியாழக்கிழமை கேஸ். நாளைக்குள்ள திருத்தி சத்தியம் பண்ணணும்."

பெஞ்சில் ரோசி நிமிர்ந்தாள். உள்ளே மிஷின்கள் ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கின. பேனாவை மூடுவதற்கு முன் அதே பக்கத்தில் எழுதினாள்:

இன்று வகுப்பில் திருத்தப் பத்திரத்தை டைப் அடிக்க வேண்டும். 16 என்பது 17. நாற்பது என்பது முப்பத்தொன்பது. நாளை, புதன்: தவளக்குப்பத்தில் கடலூருக்கு முதல் பஸ். பத்து மணிக்குக் கடலூர் நோட்டரி முன் கையெழுத்து. மதியம் வக்கீலோடு மெட்ராஸ்.