ஒஹாயில் வாங்கிய துப்பாக்கி

லில்பர்ன் பள்ளத்தாக்கில் ஓர் ஓடையைக் கடக்கும்போது என் துப்பாக்கியின் முன்வளையம் கழன்றது. தோள்வாரின் மேல்முனையைக் குழலோடு பிடித்துவைக்கும் சின்ன இரும்புப் பட்டை அது. அதன் திருகாணி தளர்ந்திருப்பதை ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று முறுக்கலாம், நாளை முறுக்கலாம் என்று விட்டுவிட்டேன். வார் நழுவியது. துப்பாக்கி தலைகீழாகப் பாறையில் மோதித் தண்ணீருக்குள் போனது. அதை எடுத்துவிட்டேன். ஆனால் அடியில் செருகியிருந்த, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் தோட்டாக்கூட்டையும் அந்தப் பட்டையையும் ஓடை கொண்டுபோய்விட்டது.

அது தொண்ணூற்றைந்தாம் வருடம், மே மாதம். துவாத்தபெரி மர அறுவை ஆலையில் அப்போது எனக்கு வேலை. துப்பாக்கி இங்கிலாந்தில் செய்தது. பத்தொன்பது வயதில் ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்தேன். அந்த வகையைச் செய்வதை நிறுத்தி நாற்பது வருடம் ஆகியிருந்தது. இன்வர்கார்கில் கடைக்காரர் இழுப்பறைகளைத் துழாவிவிட்டுக் கையை விரித்தார். கிறைஸ்ட்சர்ச்சுக்கு எழுதினேன். இங்கிலாந்துக்கே எழுதினேன், மூன்று மாதம் கழித்து, வருந்துகிறோம் என்று அழகான எழுத்தில் பதில் வந்தது. தபாலில் வந்த ஒரு தோட்டாக்கூடு பாதி நுழைந்து நின்றுகொண்டது. வேறு ஒரு பட்டை குழலில் மோதிரம் மாதிரி ஆடியது.

ஆலையில் கூட வேலை பார்த்த ரங்கிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒரு துளை போட்டு, கடையில் விற்கிற கொக்கி ஆணியை முடுக்கினால் எந்த வாரும் மாட்டிக்கொள்ளும். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடலாம் என்றான். அந்தக் கட்டையில் துளை போட எனக்கு மனம் வரவில்லை என்றேன்.

"ஏம்ப்பா, உன் பல்லுல டாக்டர் துளை போட்டப்போ வாயப் பொளந்துக்கிட்டுதானே இருந்த? இந்தக் கட்டைக்கு மட்டும் வலிக்குமா?" என்றான்.

மறு வருடம் பிப்ரவரியில் செய்தித்தாளில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தேன். இன்ன துப்பாக்கிக்குத் தோட்டாக்கூடும் முன்வளையமும் தேவை. நான்காம் நாள் ஒஹாயிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெயர் நைரீ. தன் கணவர் எரோலிடம் அதே துப்பாக்கி இருக்கிறது, உதிரியாகத் தர மாட்டேன், முழுசாக எடுத்துக்கொள்வதானால் வாருங்கள் என்றாள்.

அந்தச் சனிக்கிழமையே போனேன். ஒஹாயில் சுரங்கத் தொழிலாளர்களின் சின்ன வீடுகளில் ஒன்று. எரோல் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து இன்வர்கார்கில் மருத்துவமனையில் கிடந்தார். பேச்சு போய்விட்டது, இடப்பக்கம் விழுந்துவிட்டது, வீட்டுக்குத் திரும்புவார் என்று யாரும் சொல்லவில்லை என்றாள் நைரீ. டுனீடினில் இருக்கும் மகள், துப்பாக்கியோடு தனியாக அந்த வீட்டில் இருக்காதே என்று தினமும் நச்சரிக்கிறாளாம். நைரீயின் கண்ணுக்குக் கீழே கருவளையம். சாப்பாட்டு மேசையில் அந்தத் துப்பாக்கியைப் படுக்க வைத்திருந்தாள்.

நான் அதைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது, அது என்னுடையதைவிட நல்ல துப்பாக்கி. குழலுக்குள் ஒரு புள்ளித் துரு இல்லை. கட்டையில் எண்ணெய் ஊறி ஊறித் தேன் நிறம் வந்திருந்தது. தோள்வார் கடையில் வாங்கியதல்ல. பழைய குதிரைச் சேணத்தின் தோலை வெட்டி எரோலே தைத்தது. தையல்கள் ஒரே அளவில் இருந்தன.

அவள் என் லைசென்ஸ் எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு துப்பாக்கியை என் கையிலிருந்து திரும்ப வாங்கி, ஏப்ரன் முனையால் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கொடுக்கவில்லை.

"நீங்க இத வச்சுத்தானே வேட்டைக்குப் போவீங்க?" என்று கேட்டாள். "அவர் இத சும்மா வச்சிருந்ததே இல்ல. அதான் கேட்டேன்."

ஆமாம் என்றேன். அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. எதற்காக வந்திருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்களேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆண்மான்கள் இணை தேடிக் கத்தும் வேட்டைப் பருவத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்று மாலைக்குள் அதைப் பிரித்துவிட்டேன். தோட்டாக்கூடு என் துப்பாக்கியில் 'கிளிக்' என்று உட்கார்ந்தது. முன்வளையம் வார்த்ததுபோலப் பொருந்தியது. தோள்வாரையும் மாட்டினேன். ரங்கி வந்து பார்த்தான். இரண்டில் எதைப் பிரித்திருக்க வேண்டும் என்று குருடனைக் கேட்டாலும் சொல்வானே என்றான். என் துப்பாக்கியோடு முப்பத்தைந்து வருடம் என்று நான் ஏதோ சொன்னேன். அவன் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் என் துப்பாக்கியை வைத்துப் பன்னிரண்டு கிளைக் கொம்புள்ள செம்மான் ஒன்றைச் சுட்டேன். ஜூனில் எரோலின் துப்பாக்கியில் மிஞ்சியதை விற்றேன். கட்டை கோர் ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது. குழலும், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டும் டிமாருவில் துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்குப் போயின.

ஆகஸ்டில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவள் நைரீ. மறுபக்கக் கதவைத் திறந்து, ஒரு நெட்டையான மனிதரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். இடக்கையை அவளுடைய பூப்போட்ட கழுத்துத்துணியில் தொங்கவிட்டிருந்தார். வலக்கையில் ஊன்றுகோல். அவர் யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எரோலுக்குப் பேச்சு வந்திருந்தது, ஒவ்வொரு சொல்லாக. திரும்பக் கேட்க வரவில்லை என்றார். தனக்கு இனி மலையேற முடியாது. துப்பாக்கி நல்ல கைக்குப் போயிருக்கிறது, வேட்டைக்குப் போகிறது என்று நைரீ சொன்னாளாம். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

"எப்படிச் சுடுது?" என்று கேட்டார்.

"நல்லா சுடுதுங்க" என்றேன். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்திருக்கிறேன், இரண்டு வாரத்தில் வந்துவிடும், நானே ஒஹாய்க்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். நைரீ என்னைப் பார்க்கவில்லை. என் கொட்டகையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே டிமாருவுக்குப் பேசினேன். குழலை ஒரு சாண் வெட்டி, வேறு ஒருவருக்குப் பொருத்திக் கொடுத்தாயிற்று என்றார் அவர். கோர்க்காரரிடம் நேரிலேயே போனேன். கட்டையை அவர் மகளின் கைநீளத்துக்கு அறுத்து, கறுப்பு வண்ணம் பூசியிருந்தார். பூசிய வேலை சுத்தமாக இருக்கிறதா என்று என்னிடமே கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு தோட்டாக்கூட்டுக்காக எட்டு மாதம் ஊரெல்லாம் கடிதம் போட்டவன் நான். ஒரு முழுத் துப்பாக்கி கையில் வந்தபோது அதை ஊர் ஊராகப் பிய்த்துக் கொடுத்திருந்தேன்.

இரண்டாம் வாரம் என் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒஹாய்க்குப் போனேன். அதையே அவருடையது என்று கொடுத்துவிடலாமா என்றுகூட வழியில் நினைத்தேன். எரோல் சமையலறையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியை அவர் மடியில் வைத்தேன். வலக்கை விரலால் கட்டையைத் தடவினார். பிறகு விரல் முன்வளையத்துக்குப் போய் நின்றது.

"இதுவும் வாரும் என்னோடது" என்றார். "மத்தது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே எது போனது, எது எப்படி வெட்டப்பட்டது, விற்பதற்கு முன் நைரீ என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பது வரைக்கும். நைரீ தேநீர்க் கேத்தலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

எரோல் கோபப்படவில்லை. கொட்டகையில் ஜன்னலுக்கு மேல் பலகையில் ஒரு புகையிலை டப்பா இருக்கும், எடுத்துவா என்றார். கொண்டுவந்தேன். திறக்கச் சொன்னார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இரண்டு தோட்டாக்கூடுகள். முன்வளையம் ஒன்று, பின்வளையம் ஒன்று, திருகாணிகள், சுருள்வில்கள். அறுபதுகளில் ஒரு கடையை மூடும்போது மொத்தமாக அள்ளிவந்தாராம். ஒன்றுகூடப் பயன்படவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டிருந்தா, சும்மாவே கொடுத்திருப்பேன்" என்றார். "பேச்சு இல்லாட்டி என்ன. கையக் காட்டியிருப்பேன்."

என் துப்பாக்கியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு எதுக்கு உன்னுடையது, உன் மனசு ஆறுறதுக்கா என்று கேட்டார். தோள்வாரை மட்டும் கழற்றித் தரச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். கழுத்துத்துணியை எடுத்துவிட்டு அந்த வாரில் தன் கையைத் தொங்கவிடும்படி நைரீயிடம் சொன்னார். அவளுக்குக் கொக்கி பிடிபடவில்லை. அவர் அவசரப்படுத்தாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் மாட்டி முடிக்கும்வரை இருந்தார்.

கார்வரை நைரீ வந்தாள். குளிரில் கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அவர் என்னத் திட்டவே இல்ல" என்றாள். "வீட்டுக்கு வந்த அன்னிக்கு, எப்ப வித்தேன்னு கேட்டார். சொன்னேன். 'நான் படுத்த மூணாவது வாரம்'னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. எட்டு வாரம், பத்து வாரம் காத்திருந்திருந்தா இப்ப நான் ஒரு சமாதானம் சொல்லிக்கலாம். மூணாவது வாரமே இவர் திரும்ப மாட்டார்னு முடிவு பண்ணிட்டேன்ல. அவருக்கு அதுதான் வலிக்குது."

அவர்களுக்கு இடையில் புண்ணாக இருந்தது துப்பாக்கி போனதல்ல என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. பிப்ரவரியில் அந்த மேசையருகே, துடைத்து முடித்த பிறகும் கொடுக்காமல் அவள் நின்றபோது, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. முன்பின் தெரியாத ஒருவன், வேண்டாம், அவர் வரட்டும் என்று சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

டப்பாவை எரோல் என்னிடமே கொடுத்தனுப்பியிருந்தார். அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

வசந்தத்தில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க டுனீடினுக்குப் போனார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் கடைத்தெருவில் நைரீயைப் பார்த்தேன். தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

மறு வருடம் ஏப்ரலில் ரங்கியோடு தக்கிட்டிமு மலைப்பக்கம் போனேன். நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. அவன் ஒரு பெண்மானை அடித்தான். ஒஹாய் வழியாகத் திரும்பும்போது, அந்தக் கிழவருக்கு ஒரு தொடையைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டான். அவர்கள் இங்கே இல்லை என்றேன். அவன் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினான். அந்த வீட்டு வாசலில் யாரோ புதிதாக ஒரு ஊஞ்சல் போட்டிருந்தார்கள்.