அப்பாவை எடுக்கும் நேரம்

பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் ஷரோனுக்கு அது உறைத்தது. வயிறு பெட்டியின் விளிம்பில் அழுந்தியது. இப்படி எங்காவது அழுந்தினால் உள்ளேயிருந்து உடனே ஓர் உதை வரும். எட்டு மாதப் பிள்ளை, பிடிவாதக்காரப் பிள்ளை. இன்று ஒன்றும் வரவில்லை.

நிமிர்ந்து நின்று காத்திருந்தாள். கூடத்தில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அசைந்ததா? தெரியவில்லை. நேற்று மாலை, தெப்ரா வட்டாரத்திலுள்ள இந்த வீட்டு முன்னால், தான் ஓட்டும் தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிய அப்பா மரியநாதன் அப்படியே சாய்ந்துவிட்டார். அதன்பிறகு அழுதது நினைவிருக்கிறது. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டது நினைவிருக்கிறது. வயிற்றுப் பிள்ளையை ஒருமுறையாவது நினைத்தாளா?

அடுக்களையில் நின்ற பக்கத்து வீட்டு ராஜம்மா ஆண்ட்டியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"நேத்துலேருந்து நீ சாப்பிடல லா. அதுவும் சோர்ந்து கெடக்கும். இனிப்பா மைலோ கலக்குறேன், குடிச்சிட்டு இடது பக்கமா சாஞ்சி படு."

குடித்தாள். அறைக்குள் போய்ப் படுத்தாள். வயிற்றில் கைவைத்து மூச்சை அடக்கிக் கவனித்தாள். அவளுடைய நாடிதான் துடித்தது. விரலால் தட்டினாள். கொஞ்சம் அழுத்தியும் தட்டினாள். அந்தப் பக்கம் யாருமே இல்லாததுபோல் இருந்தது. வெளியே அமரர் ஊர்தி வந்து நின்றது. கணவன் கென்னத் பெட்டி தூக்க ஆள் சேர்ப்பது கேட்டது. இந்த நேரத்தில் போய் யாரிடம் சொல்வது?

கதவு திறந்தது. நேற்றிலிருந்து பெட்டியைவிட்டு நகராத அம்மா லூசி நின்றாள்.

"ஃபாதர் வந்துட்டாரு, கடைசி செபம் ஆரம்பிக்கப் போறாரு. எந்திரிம்மா."

"மா... பிள்ள அசையல."

"எப்போலேருந்து?"

"தெரியலம்மா. நான் கவனிக்கவே இல்ல."

லூசி மகளின் வயிற்றில் கைவைத்தாள். பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் கத்தினாள். "கென்னத்! காடிய எடு!"

காரை நோக்கி நடந்தவர்களை வாசலில் அப்பாவின் தங்கை மறித்தார். "அண்ணி, அண்ணன எடுக்குற நேரத்துல எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. உங்கண்ணன் இருந்தா அவருதான் ஓட்டிட்டுப் போயிருப்பாரு."

மருத்துவமனையில், மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் தாதி, ஷரோனின் வயிற்றில் பசையைத் தடவி, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை நகர்த்தினாள். வெறும் இரைச்சல். இன்னும் கீழே வைத்தாள். இரைச்சல். மிஸ்ஸி மறுபடியும் பசையைப் பிதுக்கினாள். ஷரோன் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கூரையைப் பார்த்தாள். லூசியின் விரல்கள் அவள் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. நகம் பதிந்து வலித்தது.

இடுப்போரமாக, கீழே, கருவி நின்றது. டப டபவென்று வேகமாக ஒரு சத்தம்.

"துடிக்குது, இங்கதான் இருக்கு," என்றாள் மிஸ்ஸி. "ஆனா டாக்டர் பாக்கணும். கொஞ்ச நேரத்துக்கு மெஷின்லயே இருக்கட்டும். இப்போ வீட்டுக்கு விட முடியாது."

கென்னத் போனைக் காதிலிருந்து இறக்கினான்.

"அத்த, ஃபாதர் கேக்குறாரு. நீங்க வர்ற வரைக்கும் பெட்டிய மூடாம வச்சிருக்கவான்னு."

லூசி மகளின் கணுக்காலை விடவில்லை.

"மூடச் சொல்லுப்பா," என்றாள்.

பிறகு மிஸ்ஸியிடம் திரும்பி, "அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமாம்மா?" என்று கேட்டாள்.