ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

மூட்டையைப் பார்த்ததுமே அது யார் கட்டியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளொன்றுக்கு நூறு அழுக்கு மூட்டைகளாவது வந்து விழும். விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்துக் கட்டுவதில் ஒவ்வொரு வார்டு ஆயாவுக்கும் ஒரு கைவாகு. சிலர் ஜென்மப் பகை தீர்ப்பது போல இறுக்குவார்கள். அதே மருத்துவமனையில் ஆயாவாக இருக்கும் அவள் நாத்தனாரின் முடிச்சு அப்படியல்ல. நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு, அவிழ்ந்துவிடும். "உங்களுக்குக் கை வலிக்குமே அண்ணி" என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே அப்படிக் கட்ட ஆரம்பித்தவள். வீட்டில் இருவருக்கும் ஒரு நாள் தவறாமல் ஏதாவது உரசல் இருக்கும். எத்தனை சண்டை போட்டாலும் அந்த முடிச்சை மட்டும் அவள் மாற்றிக் கட்டியதில்லை.

இழுத்தாள். துணிகளைப் பிரிக்கக் கையை விட்டாள். சுருக்கென்றது.

தடித்த கையுறை கிழிந்து, புதியது கேட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. போட்டிருந்த மெல்லிய ரப்பரைத் துளைத்துக்கொண்டு நடுவிரலில் ஊசி நின்றது. பயிற்சியில் சொன்னபடி விரலைப் பிதுக்காமல், குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஊசியை இடுக்கியால் எடுத்து, ஊசிகள் போடும் டப்பாவில் போட்டாள். நர்ஸிடம் போவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்தாள். அந்த மூட்டையை மற்ற அழுக்குத் துணிகளோடு கலந்து தள்ளிவிட்டாள்.

போன மாதம்தான் நாத்தனாருக்கு மெமோ வந்திருந்தது. உதறாமல் கட்டிய மூட்டையிலிருந்து யாரோ ஒரு நோயாளியின் பல்செட் வந்து விழுந்தது. சலவைக்கூடமே ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தது. ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை என்றால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நல்லவேளை, உடனே வந்துட்டீங்க" என்றாள் ஊசிக்காயம் பார்க்கும் நர்ஸ், முதல் மாத்திரையைக் கையில் கொடுத்து. "எந்த வார்டு மூட்டை? அந்த நோயாளியோட ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்கான்னு பாத்து, ஒண்ணுமில்லேன்னா மாத்திரையை நிறுத்திடலாம். தெரியலேன்னா இருபத்தெட்டு நாள் சாப்பிடணும். மாசக்கணக்குல வந்து ரத்தம் குடுக்கணும்."

மாசக்கணக்கில். அத்தனை நாளும் வீட்டில் நாத்தனார் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் தெரியாதது போல இருக்க வேண்டும். சொன்னால் ஒருவேளை சாயங்காலத்துக்குள் நிம்மதி. ஆனால் நாத்தனாருக்கு வேலை போகும்.

"தெரியலீங்க" என்றாள்.

நர்ஸ் பேனாவை எடுப்பதற்குள் கதவு திறந்தது. நாத்தனார் மூச்சு வாங்க நின்றாள். மாடிப்படி முழுக்க ஓடியே வந்திருக்க வேண்டும்.

"லாண்டரில யாருக்கோ குத்திருச்சுன்னாங்க. ஒன்பதாம் நம்பர் பெட்டு விரிப்பாத்தான் இருக்கும் சிஸ்டர். அதை மட்டும் அவசரத்துல உதறல நான்."

"உனக்கென்னடி பைத்தியமா? நூறு மூட்டை வருது. உன்னுதுன்னு யாரு சொன்னா?" என்று சீறினாள் அண்ணி.

நாத்தனார் உள்ளே வந்தாள். சோதிக்கும் கட்டிலில் கிடந்த விரிப்பை இழுத்து, நான்கு மூலைகளையும் சேர்த்துக் கட்டினாள். முடிச்சு பிசகவில்லை.

"இந்த முடிச்சுதானே அண்ணி?"

பழக்கத்தில் அண்ணியின் கை நுனியை நோக்கிப் போனது. நாத்தனார் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. நானே அவுக்கிறேன்."

நர்ஸ் தொலைபேசியில் ஒன்பதாம் நம்பர் கட்டில் நோயாளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் நுனியை இழுத்தாள். விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, தரையைப் பார்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் உதறினாள்.